பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லீவில் வேலை எதையும் தொடமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருக்கிறேன். நான்கு நாளாகத் தொடவில்லை. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. கதை எழுதுவது வேலையில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

முதல் வரி: “அலைகள் கரையைத் தழுவி...” (வேண்டாம். அலைக்கு வேறு பிழைப்பே இல்லையா?)

இரண்டாவது முயற்சி: “அவர் ஒரு பேருந்து நிறுவனத்தில், எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி என்று வாராவாரம் பட்டியல் போடுகிறவர்.”

இது பரவாயில்லை. பட்டியல்காரர் என்றே கூப்பிடுவோம்.

2

பட்டியல்காரர் குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தார். பட்டியல் இருந்த ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டு, அதை யாரிடமும் சொல்ல “மறந்துவிட்டார்”. தான் இல்லாமல் ஒரு சக்கரம் உருளாது என்பது அவர் கட்சி. எப்படியும் கூப்பிடுவார்கள், சலித்துக்கொண்டே எடுக்கலாம்.

முதல் நாள் யாரும் கூப்பிடவில்லை. சிக்னல் இல்லையோ என்று மொட்டைமாடி ஏறினார். நன்றாகவே இருந்தது. இரண்டாம் நாள் மனைவியின் போனிலிருந்து தன் எண்ணுக்கே அடித்துப் பார்த்தார். அதுவும் ஒழுங்காக அடித்தது.

[இங்கே உங்களுக்கு அவர்மேல் பரிதாபம் வரவேண்டும். எனக்கே வரவில்லை, உங்களை எப்படிக் கேட்பது.]

3

மூன்றாம் நாள், தானே ஆபீசுக்குப் போன் போட்டு, சும்மா கிடந்த சங்கை ஊதினார். அவருக்கு உதவியாளராக இருந்த பெண் எடுத்தாள்.

“என்னம்மா, அங்க பிரச்சனை ஒண்ணும் இல்லையே?”

“இல்ல சார். நீங்க நிம்மதியா இருங்க.”

“அந்த ஃபைல் திறந்திருக்காதே...”

“ஆமா சார். அதான் புதுசா ஒண்ணு போட்டுட்டோம். டிரைவருங்களையே உக்கார வச்சுக் கேட்டோம். முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிருச்சு.”

அதே வேலைக்கு அவருக்கு வாரத்தில் இரண்டு முழு நாள் ஆகும். பதினாறு வருடமாக.

அவர் இதயம் சுக்குநூறாக [வாக்கியத்தைக் கைவிடுகிறேன். இதயமெல்லாம் இல்லை. வெட்கம், அப்புறம் பயம்.]

4

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள்: “கூப்பிடாதீங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டா வந்தீங்க? எங்களுக்காகவா?”

“ஆமா” என்றார்.

அவள் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி முதல்முறையாக அவர் தங்களோடு இருக்கிறார் என்று மகளிடம் சொன்னாள். தேவையில்லாதவராகிப் போன மனிதரை வீட்டில் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

5

முடிவு (அ): உண்மையைச் சொல்கிறார். அவள் சிரித்து, மன்னித்து, தோளில் சாய்கிறாள். (கல்யாணமானவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.)

முடிவு (ஆ): சொல்லாமலே ஊர் திரும்புகிறார். அவர் நாற்காலியில் அந்தப் பெண்...

6

இதுவரை எழுதியதை மனைவி வாங்கிப் படித்தாள். பேருந்து, பட்டியல் எல்லாம் நான் மாற்றி வைத்தவை. என் வேலை வேறு.

“பாவம் அந்த ஆளு” என்று சிரித்தாள். “அவன் பொண்டாட்டியும் பாவம்.”

காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “உங்களையும்தான் நாலு நாளா யாருமே கூப்பிடல.”

இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசகரே, முடிவுகள் இரண்டும் மேலே இருக்கின்றன. சீக்கிரம் ஒன்றைச் சொல்லுங்கள்.