வீரமங்கை வெடி

மகாலட்சுமி படத்தையே ஒட்டி வெடித்துத் தள்ளுகிற ஊர் இது. அதில் யாருக்கும் ஒரு உறுத்தலும் இருந்ததில்லை, வேலுத்தாய்க்கும் சேர்த்துத்தான். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிக்கு லேபிள் ஒட்டுகிறவள் அவள். நடிகையோ புலியோ, எந்தப் படம் வந்தாலும் பசையைத் தடவி ஒட்டிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

அன்றைக்குப் புதுக் கட்டைப் பிரித்தபோது கை நின்றுவிட்டது. தாள் முழுக்க வரிசை வரிசையாக அவள் மகள் மாரிசெல்வி, பட்டாளத்து உடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ‘வீரமங்கை வெடி’ என்று போட்டிருந்தது.

மகள் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. வடக்கே மலையில் மிலிட்டரி நர்ஸாக இருந்தாள். மழையில் மண் சரிந்து வந்தபோது ஆம்புலன்ஸிலிருந்து மற்றவர்கள் இறங்கி ஓட, கட்டுப்போட்டுக் கிடந்த சிப்பாயை விட்டு வரமாட்டேன் என்று உள்ளேயே இருந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கற்பகவல்லி கம்பெனித் தீயில் இரண்டு கையும் வெந்து கிடந்தபோது, பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய்ச் சோறூட்டித் தலைசீவி விடுவாள். “அக்காவுக்கு மூக்கு அரிச்சா யாரும்மா சொறிஞ்சு விடுவா?” என்பாள். அந்தக் கவலைதான் அவளை நர்ஸ் படிப்புக்கு இழுத்துக்கொண்டு போனது.

வீட்டுக்குப் போய்ப் புருஷன் ஆண்டிச்சாமியிடம் கேட்டாள். அவனும் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். அவனுக்கு வாயெல்லாம் பல்.

“மொதலாளி கேட்டாரு, சரின்னுட்டேன். நம்ம பாப்பா மொகம் நாடு பூரா போகுது தாயி. டெல்லிக்காரன்கூடப் பாப்பான்.”

மகள் செத்ததிலிருந்து தட்டைத் தொட்டும் தொடாமலும் எழுந்துகொண்டிருந்தவன், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான். வேலுத்தாய் சட்டியை வழித்துப் போட்டாள். மறுநாள் அந்த லேபிள்களை அவளே ஒட்டினாள்.

லோடு கிளம்புகிற அன்று, வழக்கம்போலப் பூசை போட்டு, புதுச் சரக்கில் ஒரு வெடியைப் பொட்டலில் கொண்டுபோய் வைத்தார்கள். முதலாளி சீனிவாசகம் நல்ல மனுஷன்தான். “ஆண்டிச்சாமி, நீதான்யா பத்த வைக்கணும்” என்று பத்தியை அவன் கையில் கொடுத்தார்.

வேலுத்தாய் அவனை ஒட்டிப் போய் மெல்லச் சொன்னாள். “வேணாங்க. அதுல நம்ம பிள்ள இருக்கு.”

“படந்தான தாயி” என்றான். திரி பற்றியது.

வெடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆண்டிச்சாமி திரும்பி வரவில்லை. புகைக்குள் குந்தி உட்கார்ந்து காகிதத் துண்டுகளைப் பொறுக்கினான். ஒன்றில் ஒரு கண் இருந்தது. இன்னொன்றில் பாதிச் சிரிப்பு. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பொருத்திப் பார்த்தான், பொருந்தவில்லை. ஆயுசெல்லாம் வெடியோடு கிடந்த மனுஷனுக்கு, வெடித்த பிறகு லேபிள் என்ன ஆகும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

லோடு லாரியைக் கிளப்பினார்கள். வேலுத்தாய் நேரே நடந்துபோய் முன் டயருக்கு எதிரே உட்கார்ந்தாள். முதலாளி பதறிப்போய் ஓடிவந்தார்.

“என்ன தாயி இது? சீசன் நேரம், கடைக்காரங்க காத்துக் கெடக்காங்க. பிள்ளைக்குப் பெருமைதான?”

ஆண்டிச்சாமி வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான். மூடிய கையைத் திறக்கவில்லை.

“மொதலாளி, பட்டாளத்துல இருந்து பெட்டி வந்தப்ப, தெறக்காதீங்க, மொகம் பாக்குற மாதிரி இல்லன்னு சொன்னாக. நாங்க பாக்கல. சிரிச்ச மொகத்தோடதான் மண்ணுக்குள்ள போயிருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். இப்ப என் கையாலயே பத்த வச்சுப் பாத்துட்டேன்.”

சீனிவாசகம் தலையைக் குனிந்துகொண்டு லோடை இறக்கச் சொன்னார். கடைசிப் பெட்டி இறங்குகிறவரைக்கும் வேலுத்தாய் டயருக்கு எதிரேயிருந்து எழுந்திரிக்கவில்லை.