ஏழு பாட்டில் லான் கம்

என் கொழுந்தன் கோய் மண்வெட்டிக் காம்போடு உள்ளே வந்தபோது என் கைகள் இரண்டும் கிருமி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. சாராய விளக்கில் கத்தியைச் சுட்டு, லான் கம் மூலிகைத் தண்டை நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மலையூரான தாலாத்தில் பல வீடுகளில் இப்படித்தான், தண்டுத் துண்டைப் பாட்டிலுக்குள் வைத்தே நாற்று வளர்ப்போம். குக்கரில் வேகவைத்த ஜாம் பாட்டில், கடற்பாசி ஜெல்லி, சர்க்கரை, இளநீர். படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இந்த மூலிகையைக் காட்டில் வேரோடு பிடுங்கி விற்றே ஒழித்தவன் கோய். கடைசியாகக் கிடைத்த ஒற்றைச் செடியிலிருந்து முந்நூறு பாட்டில் ஆக்கியிருந்தேன். இவையும் போனால் எங்கள் மலையில் லான் கம் கிடையாது.

"வியாபாரி என்னப் பாத்துச் சிரிக்கறான். இனிமே உங்க அண்ணிகிட்டயே வாங்கிக்கறேங்கறான்!"

"பிடுங்கறப்போ ஒரு வேரையாச்சும் விட்டு வச்சியாடா, பாவி?"

முதல் அடி பாட்டில் அலமாரியில் விழுந்தது. இரண்டாவது என் தோளில். முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். பெட்டி கவிழ்ந்து, விளக்கு எரிந்தபடியே தரையில் உருண்டது. கண்ணாடித் தூளில் என் உள்ளங்கால் கிழிந்தது. அவன் நிறுத்தவில்லை, வெறி பிடித்து அடித்துக்கொண்டே இருந்தான்.

பிறகு சாராயக் கேனை எடுத்தான். "மொத்தத்தையும் கொளுத்திடறேன், பாரு." ஊற்றியதில் பாதி அவன் கால்சட்டையில்தான். லைட்டருக்காகப் பையைத் துழாவினான்.

சாராயத் தீ பட்டப்பகலில் கண்ணுக்குத் தெரியாது. எட்டு வருடம் அதோடு புழங்கியவள் நான். தரையில் கிடந்த காகிதம் தானாகவே சுருண்டு கருகியது. அடுத்து ஒரு செருப்பு வார். அவன் காலுக்கு ஒரு முழம்தான் இருந்தது. "நகருடா" என்று ஒரு சொல் போதும்.

நான் சொல்லவில்லை. கீழ்த்தட்டில் உடையாமல் இருந்தவற்றைக் கைகொண்ட மட்டும் அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். துவைக்கும் கல்லில் வைக்கும்போதுதான் அலறல் கேட்டது. அதன் பிறகே ஈரச்சாக்கோடு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் இடுப்புக்குக் கீழே கட்டோடு கிடந்தான்.

"போலீஸ்ல என் தப்புன்னு சொல்லிட்டேன், அண்ணி. நெசமாவே எனக்குத் தீ தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எத்தன பொழச்சுது?"

"ஏழு."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுபடி அந்த நிமிடம் வந்தால், பாட்டில்களைத்தான் முதலில் எடுப்பேன்.