ஆவி பறக்கும் பக்கம்

அரபு நாட்டு ஹாயில் நகரத்தில் கல்யாண வீடுகளுக்குக் கஹ்வா என்ற ஏலக்காய்க் காப்பி ஊற்ற ஆள் அனுப்புகிறவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். அதில் முப்பத்தெட்டுப் பேர் நன்றாக வாழ்ந்தால் தகீலுக்குச் சந்தோஷம்தான். தகீலையும் கழித்தால் மீதி ஒருவன், அவனுடைய சித்தப்பா மகன் மிஷ்ஆன். அந்தப் பெயர் காதில் விழுந்தால் தகீல் குடித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் தொண்டையிலேயே கொதித்துவிடும்.

அன்று மதியம் மனைவி வத்ஹா ஃபோனை மூக்கருகே வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்த அப்படிப் பாக்குற?"

"மிஷ்ஆனோட வெப்சைட், அபூ துர்க்கி. தொறந்ததும் தானா ஓடுது, பாருங்களேன்!" மகன் பெயரை வைத்து 'துர்க்கியின் அப்பா' என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள்.

பார்த்தான். கறுத்த திரையில் ஒரு கிண்ணமும் பித்தளைக் கூஜாவும். கூஜா சாய்ந்தது. பொன் நூல் மாதிரி கஹ்வா இறங்கியது. வலது கை ஒன்று, கட்டைவிரலடியில் பழைய தீக்காயத் தழும்போடு, கிண்ணத்தை நீட்டியது. கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்தது, எழுந்துகொண்டே போனது, ஊருக்கு வெளியே நிற்கும் அஜா மலையே அதற்கு முன்னால் குட்டை என்று தோன்றும் வரை எழுந்தது. கடைசியில் அந்த ஆவியே சுருண்டு நெளிந்து 'மிஷ்ஆன்' என்று எழுத்தாக நின்றது.

"ஏலக்கா வாசன வருது எனக்கு" என்றாள் வத்ஹா.

"ஃபோன்ல எங்கடி வாசன வரும்?"

"நம்மளதத் தொறந்தா என்ன வருது? நீங்க பாஸ்போர்ட்டுக்கு எடுத்த ஃபோட்டோ. அதுலயும் முறைச்சுக்கிட்டு இருக்கீங்க."

வேறு நேரமாக இருந்தால் ஒரு வாரம் பேசாமல் இருந்து தீர்த்திருப்பான். ஆனால் ஊர்ப் பெரியவர் அபூ ஃபவ்வாஸ் வீட்டுக் கல்யாணம் வருகிறது. இரண்டாயிரம் விருந்தாளிகள். "ரெண்டு பேரோட வெப்சைட்டையும் வியாழக்கிழம பாக்குறேன், அப்புறம் சொல்றேன்" என்று அவர் சொல்லிவிட்டார். அபூ ஃபவ்வாஸின் கல்யாணத்துக்கே கஹ்வா ஊற்றியவன் தகீல். அவர் மகன் கல்யாணம் மிஷ்ஆனுக்குப் போனால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பது?

மறுநாள் காலையிலேயே வெப்சைட் செய்து தரும் சூடான்காரர் இத்ரீஸின் கடையில் போய் உட்கார்ந்தான்.

"எனக்கு ஆவி வேணும். மிஷ்ஆனோடதவிட ஒரு முழம் கூட."

"போட்டுரலாம், முதலாளி."

"ஏலக்கா மழ மாதிரிக் கொட்டணும். பின்னால குதிர ஓடணும். என் பேரு தங்கத்துல சுத்தணும். பருந்து ஒண்ணு வந்து பேரு மேல உக்காரணும்."

"இத்தனையும் போட்டா பக்கம் தொறக்குறதுக்குள்ள மாப்பிள்ளைக்குப் பேரனே பொறந்துருவான்."

"சரி, பருந்து வேணாம். கஹ்வா ஊத்துற வீடியோ?"

"அத நாளைக்கு உங்க கைய வச்சு எடுத்துரலாம்."

தகீல் தன் கையைப் பார்த்தான். முதலாளி ஆனபின் கூஜா தொடாத கை, பேரீச்சம்பழம் தின்றே உப்பிய கை. மிஷ்ஆனின் கை நினைவுக்கு வந்தது.

"அவன் வீடியோவையே எடு."

"கண்டுபிடிச்சுருவாங்களே?"

"ஏதாச்சும் பண்ணு, தெரியாத மாதிரி."

இத்ரீஸ் தாடியைத் தடவினார். "கடைசில வர்ற அவன் பேர வெட்டிட்டு, கண்ணாடில தெரியுற மாதிரி இடவலமாத் திருப்பிப் போட்டா சட்டுன்னு தெரியாது. ஆனா ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லாப் பாத்துருங்க, முதலாளி."

பார்த்தான். ஆவியைப் பார்த்தான். இரண்டு முழம் கூடவே இருந்தது. முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"ஏத்து!"

வியாழக்கிழமை அபூ ஃபவ்வாஸ் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். கூடத்தில் இருபது பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் அகலத் தொலைக்காட்சியில் தகீலின் பக்கம் திறந்தது. ஏலக்காய் கொட்டியது. குதிரை ஓடியது. தகீல் மீசையை நீவிக்கொண்டான். கஹ்வா இறங்கியது, கை கிண்ணத்தை நீட்டியது.

முன்னால் இருந்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தகீல்," என்றார் அபூ ஃபவ்வாஸ், மிக மெதுவாக. "என் வீட்டு விருந்தாளிக்கு நீ இடது கையாலயா குடுப்ப?"

அப்போதுதான் தகீலுக்குக் கண் திறந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு நின்ற அந்த இடது கை தன்னை அறைய வருவதுபோல இருந்தது.

மிஷ்ஆன் துள்ளி எழுந்தான். "அந்தத் தழும்பு! ஐயா, அது என் கை!" சொன்ன பிறகுதான் எதற்குச் சொந்தம் கொண்டாடினோம் என்று உறைத்தது. "அதாவது... என் வலது கை. இவன் இடது கையாக்கிட்டான்!"

இருபது பெரியவர்களும் சிரித்த சிரிப்பில் கூரை விளக்குகள் ஆடின.

"கையெல்லாம் சுவத்துல வேணாம்," என்றார் அபூ ஃபவ்வாஸ். "நேர்ல ஊத்துங்க, பாப்போம்."

இரண்டு கூஜாக்கள் வந்தன. தகீல் ஒழுங்காகத்தான் தொடங்கினான். இடது கையில் கூஜா, வலது கையில் கிண்ணம். ஆனால் பக்கத்தில் மிஷ்ஆன் எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுகிறான் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. கண் மிஷ்ஆன் கையில், கஹ்வா அபூ ஃபவ்வாஸ் மடியில்.

அவர் கிண்ணத்தில் மிச்சம் இருந்த ஒரு வாயைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை லேசாக ஆட்டினார். போதும் என்பதை அங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. மிஷ்ஆனிடம் மூன்று கிண்ணம் குடித்த பிறகே ஆட்டினார்.

வாசலில் மிஷ்ஆன் பின்னாலேயே வந்தான். தகீல் வேகமாக நடந்தான்.

"நில்லு, அபூ துர்க்கி. ரெண்டாயிரம் பேருக்கு ஊத்த என்கிட்ட பதினெட்டு ஆளுதான் இருக்கு. உன் ஆளுங்கள அனுப்பு. நீயும் வா."

"நான்? உனக்குக் கீழயா? அதுக்கு நான் பாலைவனத்துல ஓணானுக்கு ஊத்துவேன்."

"கேமராக்காரன் வரான்."

தகீல் ஐந்தடி நடந்தான். நின்றான்.

"எந்தப் பக்கம் நிப்பான்?"

கல்யாணம் முடிந்த மறுவாரம் மிஷ்ஆனின் பக்கத்தில் புது வீடியோ ஓடியது. நடுவில் மிஷ்ஆன். பின்னால், ஓரத்தில், மங்கலாக, உப்பிய வலது கை ஒன்று இரண்டு விநாடி கிண்ணம் நீட்டிவிட்டு மறைந்தது. தகீல் அதை நூற்றுப் பதின்மூன்று தடவை பார்த்தான். பிறகு இத்ரீஸைக் கூப்பிட்டான்.

"மிஷ்ஆன வெட்டிட்டு அந்த ஓரத்துக் கைய மட்டும் பெருசாக்க முடியுமா?"

"தாராளமா முடியும், முதலாளி. திருப்பிப் போடணுமா?"