ஈரக் கையுறை எங்கே?

தோட்டக்காரன் எப்படிக் கொலைகாரன் ஆனான் என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

அவர் வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவர். பிரபலமான ஒரு துப்பறியும் தொடரின் ஒன்பதாவது நாவலை அவரும் மனைவியும் அப்போதுதான் முடித்திருந்தார்கள். கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர், அந்த ஈரக் கையுறையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது என்கிறார். எந்தக் கையுறை? கதையில் அப்படியொன்று வரவே இல்லை.

இந்தத் தொடரைப் படிக்க அவர்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. புத்தகம் வந்ததும் மனைவி கடைசி அத்தியாயத்தைப் பிளேடால் வெட்டித் தன் அலமாரியில் பூட்டிவிடுவாள். அவர் முடிவை எட்டிப் பார்க்கிற ஆள் என்பது மூன்றாவது நாவலிலேயே அம்பலமாகியிருந்தது. மருந்துக்கடை வேலைக்குப் போகும் பஸ்ஸில் முதலில் அவள் படிப்பாள், பிறகு அவர். இருவரும் முடித்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே உட்கார்ந்து, கொலைகாரன் யார், ஏன் என்று வாதாடுவார்கள். அதன்பிறகுதான் அலமாரி திறக்கும். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து, கேஸ் தீர்ந்துவிட்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதற்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டது அந்த ஞாயிறுகளில்தான்.

இந்த ஞாயிறு அவர் டாக்டர்தான் கொலைகாரன் என்று சொல்லியிருந்தார்; முடிவைப் படித்ததும் அவள், வெட்டிய தாள்களை மேசையில் போட்டாள்.

"இது ஏமாத்து வேலைங்க. துப்பே குடுக்காம எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு இந்தத் தொடர் போதும். அடுத்தது வந்தா நீங்களே படிச்சுக்கோங்க."

"தனியாப் படிச்சா யாரோட சண்டை போடுறது?"

"இன்ஸ்பெக்டரோட போடுங்க."

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். அவருக்கு மனம் ஆறவில்லை. நன்றாக ஓடிய மெஷின் நின்றுவிட்டால், அதைச் செய்த கம்பெனியைத் திட்டுவதற்கு முன் கடைசியாகக் கைவைத்தது யார் என்று பார்ப்பது அவர் தொழிலில் வந்த பழக்கம். கையுறையைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். 192-ஆம் பக்கத்துக்கு அடுத்து 199 இருந்தது. அத்தியாயங்களுக்கு எண் கிடையாது. ஒரு முழு அத்தியாயமே போயிருந்ததால் இருவர் கண்ணிலும் படவில்லை.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். கடைசியில் தவிர வேறெங்கும் பிளேடு வைக்கவில்லை என்று அவள் அடித்துச் சொன்னாள். காணாமல் போனது மூன்று தாள். அவள் வெட்டியதும் மூன்று தாள். அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது.

முந்தைய எட்டும் மலிவுப் பதிப்புகள். அவற்றில் ஒவ்வொரு தாளும் தனித்தனி. முதுகில் பசை போட்டு ஒட்டியிருக்கும். ஒன்றை வெட்டினால் இன்னொன்றுக்கு ஒன்றும் ஆகாது. இதுவோ கெட்டி அட்டைப் பதிப்பு. அகலமான காகிதங்களை இரண்டாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, மடிப்பில் நூலால் தைத்திருந்தார்கள். அப்படித் தைத்த ஒவ்வொரு கட்டிலும் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே காகிதத்தின் இரண்டு பாதிகள், உள்ளே உள்ளவையும் அப்படியே. 193-ஆம் பக்கத்தில் தொடங்கியது புத்தகத்தின் கடைசிக் கட்டு.

பழைய காலண்டர் தாள்கள் நாலை மடித்துச் செருகி, நடுவில் நூல் கோத்து அவளிடம் நீட்டினார். கடைசித் தாளை மடிப்பை ஒட்டி வெட்டினாள். அது கையோடு வந்தது. முதல் தாள் தானாக நழுவித் தரையில் விழுந்தது.

அவள் போய், பஸ்ஸில் கொண்டுபோகும் கைப்பையைக் கவிழ்த்தாள். குடைக்கு அடியில் கசங்கிக் கிடந்தன மூன்று தாள்கள். மழையே பெய்யாத நாளில் தோட்டக்காரனின் கையுறை ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது அவற்றில்தான்.

"இதைப் படிச்சிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்," என்றாள்.

"நானுந்தான்."

"நீங்களா? நீங்க அப்பவும் டாக்டரைத்தான் சொல்லியிருப்பீங்க."

அதற்காக நாவல் பிரமாதமாகிவிடவில்லை. நடுவில் இழுவை, இன்ஸ்பெக்டர் அடிக்கும் ஜோக்குகளும் பழசு. அதில் எவ்வளவு தப்பு, எவ்வளவு சரி என்று மாலை வரை வாதாடினார்கள். விளக்கைப் போட எழுந்தவள், பத்தாவது வந்தால் வாங்கிவரச் சொன்னாள். வெட்டுவது மட்டும் எப்படி என்று கேட்டாள்.

மடிப்பை ஒட்டி வெட்டக் கூடாது. அரை விரல் தள்ளி வெட்ட வேண்டும். மிஞ்சுகிற கீற்றை நூல் பிடித்துக்கொள்ளும், மறுபாதி விழாது.