அரைத்தூக்கமும் தனிக்காட்டு ராஜாவும்

வெங்காயம் நறுக்கிய ஈரக்கையோடு தொட்டால் கைபேசிக்கு நம்மை அடையாளம் தெரியாது. அதனால் அந்த வியாழக்கிழமை மாலை நான் மூக்கு நுனியால் ஏலம் கேட்டேன். உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்திருந்த திரையை மூக்கால் ஒரு குத்துக் குத்தியதும் ‘அரைத்தூக்கம் முன்னிலையில்’ என்று பச்சை எழுத்தில் வந்தது. அரைத்தூக்கம் நான்தான். அந்த இணையதளத்தில் யாரும் சொந்தப் பெயரில் ஏலம் கேட்பதில்லை. பதிவு செய்யும்போது ஒரு புனைபெயர் கேட்டது, மனதில் முதலில் வந்ததை அடித்துவிட்டேன். நான் மூச்சு விடுவதற்குள் பச்சை சிவப்பாகிவிட்டது. ‘தனிக்காட்டு ராஜா முன்னிலையில்.’ வழக்கம்போல என்னைவிடப் பத்தே பத்து அதிகம். ஒரு காசு கூடுதலாகப் போடமாட்டான், கஞ்சப்பயல்.

இந்த ஏலத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் கணவர். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். நகரத்தின் உயரமான கட்டடங்களெல்லாம் அவருக்கு அத்துப்படி. நாங்கள் குடியிருப்பதோ தரைத்தளத்தில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மதில் சுவர் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் பெரிய ஹோட்டல் ஒன்றில் லிஃப்ட் சரிசெய்துவிட்டு வந்தவர், சாப்பிடும்போது போகிற போக்கில் சொன்னார். வார இறுதியில் காலியாகக் கிடக்கும் அறைகளை இணையத்தில் ஏலம் விடுகிறார்களாம். எந்த ஹோட்டல் என்று முன்னால் சொல்லமாட்டார்களாம். எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம், எத்தனையாவது மாடி, அவ்வளவுதான். வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு யார் மேலே நிற்கிறாரோ அவருக்கு அறை. சில சமயம் பாதி விலைக்குக்கூடப் படியுமாம். நான் “அப்படியா” என்றேன். அவருடைய அம்மா, என் அத்தையும் “அப்படியா” என்றார். அத்தோடு பேச்சு தண்ணீர் டம்ளருக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் யாரும் தன் ஆசையை வாய்விட்டுச் சொன்னதில்லை. அடுத்தவர் ஆசையைக் கண்டுபிடித்து, அதற்காக விட்டுக்கொடுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் பழக்கம்.

எனக்கு வேண்டியது தூக்கம். வேறு ஒரு மண்ணும் வேண்டாம். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. நாள் பூராவும் யாரையாவது கூப்பிட்டு, நாளைக்கு உங்கள் கடைவாய்ப் பல்லுக்கு நேரம் குறித்திருக்கிறது, மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து படுத்தால் ஒரு பக்கம் சின்னவள் உதைப்பாள், மறுபக்கம் பெரியவன் கனவில் பாடம் ஒப்பிப்பான். கணவரின் குறட்டை அவர் பார்க்கிற லிஃப்ட் மாதிரியேதான், நடுவில் சட்டென்று நின்றுபோகும், நாம் பயந்து எழுந்ததும் மறுபடி கிளம்பும். விடுமுறை நாளில் கொஞ்சம் கண்ணசரலாம் என்றால் வரிசையாக வந்து நிற்பார்கள். “நீ தூங்கும்மா, கத்தரிக்கோல் எங்கேன்னு மட்டும் சொல்லிட்டுத் தூங்கு.” ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் எழுப்பாமல் நானாக விழிக்கிற வரைக்கும் தூங்க வேண்டும். கணவரையும் கூட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். குறட்டையும் கூடவே வருமே. மருத்துவமனையில் பயிற்சி வகுப்பு, ஒரு ராத்திரி வெளியே தங்க வேண்டியிருக்கிறது என்று சொல்வதாக உத்தேசம்.

ஆனால் வியாழக்கிழமை தவறாமல் இந்த ராஜா வந்து குறுக்கே நின்றான். நான் ஏற்ற, அவன் ஏற்ற, நான் ஏற்ற, அவன் ஏற்ற, கடைசியில் இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகாத உயரத்துக்குப் போனதும் வேறு எவனோ நோகாமல் வந்து தட்டிக்கொண்டு போய்விடுவான். ராஜாவை நான் மனதுக்குள் முழுசாகச் செய்து வைத்திருந்தேன். கல்யாணமாகாதவன். மார்பில் காடாக முடி. எல்லோருக்கும் அறிவுரை சொல்கிறவன். வீட்டில் அவனுக்கென்று தனிக் கட்டில், தனி மின்விசிறி இருக்கும், அப்படியும் போதாமல் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வந்திருக்கிறான். போன வாரம் தோற்றபோது என்னையறியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன், “உனக்கெல்லாம் பொட்டுத் தூக்கம் வராதுடா.” கூடத்திலிருந்து அத்தை, “யாரைம்மா திட்டுற?” என்றார். “கரப்பான்பூச்சியை அத்தை,” என்றேன்.

இந்த வாரம் வந்திருந்த அறை ஆற்றங்கரைப் பகுதியில், இருபத்தாறாவது மாடி. மாடி எனக்கு முக்கியமில்லை. பாதாள அறையாக இருந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு மதியம் வரை என்று போட்டிருந்ததைப் படித்ததும் கண் சொருகியது. குழம்பு கொதிக்கட்டும் என்று அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முறையாக விரலால் ஏற்றினேன். கூடத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். தொலைக்காட்சி என்று நினைத்தேன். திரை சிவப்பாயிற்று. மறுபடி ஏற்றினேன். மறுபடி ‘டிங்’. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை ஏற்றிப் பார்த்தேன். ‘டிங்.’ நம்மை யாராவது முந்தினால் அந்தத் தளம் இப்படித்தான் மணியடிக்கும்; நான் பதிவு செய்த அன்றைக்கே என் கைபேசியில் சத்தத்தை அடைத்து வைத்திருந்தேன். கரண்டியோடு போய்க் கதவோரம் நின்று எட்டிப்பார்த்தேன்.

தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அத்தை அதைப் பார்க்கவில்லை. மடியில் பாதி நறுக்கிய பீன்ஸ் தட்டு. கண்ணாடியை மூக்கின் நுனிவரை இறக்கி, கைபேசியைக் கைக்கெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஆட்காட்டி விரலை ஆணி அடிப்பது போல ஓங்கிக்கொண்டிருந்தார். மின்கட்டணம் கட்ட நான்தான் அவருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். விரல் இறங்கியது. என் கையிலிருந்த திரை சிவந்தது. அத்தை உதட்டைச் சுழித்து, திரைக்குள் இருந்த எதிராளியைப் பார்த்து, “வாடா வா,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. “அத்தை, தனிக்காட்டு ராஜா நீங்களா?” என்றேன். அவர் திடுக்கிட்டுப் பீன்ஸ் தட்டைக் கவிழ்த்துவிட்டு என்னையும் என் கையிலிருந்த கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தம் குறைந்த குரலில் கேட்டார்.

“அப்போ அந்த அரைத்தூக்கம்?”

“நான்தான்.”

“நான் யாரோ குடிகாரன்னு நினைச்சேன்மா.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ அந்தக் கரப்பான்பூச்சி?” என்றார்.

நான் கரண்டியைப் பார்த்தேன். அத்தை சுதாரித்துக்கொண்டு முகத்தில் தியாகத்தைக் கொண்டுவந்தார். “உங்க ரெண்டு பேருக்காகத்தான் பார்த்தேன். பாவம், கல்யாணமானதுலேருந்து எங்கேயுமே போகலை. பிள்ளைங்களை நான் பார்த்துக்கலாம்னு.” நானும் சளைத்தவளா. “நானும் உங்களுக்காகத்தான் அத்தை. எந்நேரமும் பிள்ளைங்க பின்னாடியே ஓடுறீங்க, ஒரு நாள் ஓய்வா இருக்கட்டுமேன்னு.” இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எத்தனையோ வருஷமாக இதே மாதிரி கடைசி அப்பளத்தை இருவரும் விட்டுக்கொடுத்து, அது நமத்துப்போய்க் குப்பைக்குப் போயிருக்கிறது. முதலில் உதடு துடித்தது அத்தைக்குத்தான். பிறகு அடக்கமுடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. நான் அப்படியே தரையில் பீன்ஸுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன்.

“நெசத்தைச் சொல்லு,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“தூங்கணும் அத்தை. என்னை யாரும் எழுப்பக் கூடாது. அவ்வளவுதான்.”

அவர் தலையாட்டினார். பிறகு சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, சின்னப் பெண் மாதிரி சொன்னார். “எனக்கு மேலேருந்து ஊரைப் பார்க்கணும். இவன் தினம் அம்பதாவது மாடி, அறுபதாவது மாடின்னு கதை சொல்றான். எனக்கு இந்த மதில்தான். யாரும் டீ கேட்காம, கூப்பிடாம, ஒரு ஜன்னல்கிட்ட நின்னு நாள் பூரா பார்த்துக்கிட்டே இருக்கணும். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

இத்தனை நாளும் இது தெரியாமலே இதே கூரையின் கீழ் நான் இருந்திருக்கிறேன். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது இரண்டு கைபேசிகளும் ஒரே சமயத்தில் சிவந்தன. யாரோ ‘உல்லாசப்பறவை’யாம். நாங்கள் சிரித்துக் கண்ணீர் வடித்து நியாயம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சத்தம் போடாமல் உள்ளே புகுந்திருந்தது. எட்டு மணிக்கு ஒரு சில நிமிடங்களே பாக்கி.

“போட்டுட்டான்மா,” என்றார் அத்தை பதறி.

“நீங்க போடுங்க அத்தை, உங்க பேர்லயே இருக்கட்டும். என் பங்கையும் சேர்த்துப் போடுங்க.”

இரண்டு பேர் பணம் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் எங்கள் பலம் எங்களுக்கே தெரிந்தது. பறவை பத்துப் போட்டது. அத்தை ஐம்பது போட்டார். “ஐம்பதா?” என்று நானே வாயைப் பிளந்தேன். “பயப்படுவான் பாரு,” என்றார். பறவை கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி பத்துப் போட்டது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு நூறு போட்டார். நான் அவர் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அடுப்படியில் குழம்பு அடிபிடிக்கிற வாசம் வந்தது, இருவரும் அசையவில்லை. திரையில் ஏதோ சுற்றிச் சுற்றி வந்து நின்றது. ‘வாழ்த்துகள், தனிக்காட்டு ராஜா.’

வேலை முடிந்து கதவைத் திறந்த கணவர் கண்டது இதைத்தான். தரையெல்லாம் பீன்ஸ், வீடெல்லாம் புகை, அம்மாவும் மனைவியும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் பையைக் கீழே போட்டுவிட்டு நடுங்கிய குரலில், “யாரு? யாரு போயிட்டாங்க?” என்றார்.

“இன்னும் போகலை,” என்றார் அத்தை. “சனிக்கிழமை போறோம். நானும் இவளும். பிள்ளைங்களை நீ பார்த்துக்கோ.”

சனிக்கிழமை ஹோட்டல் வரவேற்பு மேசையிலிருந்த பெண், எனக்குத் தெரிந்த அதே மேசைச் சிரிப்போடு, “உங்க மகளாம்மா?” என்று கேட்டாள். “மருமக,” என்றார் அத்தை. அந்தப் பெண் எங்களைக் கொஞ்சம் கவலையோடு பார்த்துவிட்டு, அறையில் ஒரே கட்டில்தான் இருக்கிறது என்றாள். “இருக்கட்டும், நான் படுக்க வரலை,” என்றார் அத்தை. லிஃப்டில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏறுவது தெரியாமல் ஏறியது. பெருமூச்சு விட்டு, “அவன் கை வெச்ச லிஃப்டா இருக்கும்,” என்று தானே முடிவு செய்துகொண்டார்.

அறையைத் திறந்ததும் அத்தையின் கண் நேராக எதிரே போனது. எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குக் கீழே ஊர் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, தூங்குகிற குழந்தையிடம் போவது போல மெல்ல நடந்து போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். “ஆத்துல படகு போகுது, எவ்வளவு சின்னதா,” என்றார். “அங்கே பாரு, மொட்டை மாடியில யாரோ துணி காயப்போடுறா.” எனக்குக் கட்டில்தான் தெரிந்தது. வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கமில்லை, நடுவில் யாரும் இல்லை. குறுக்காக விழுந்தேன். கை காலை நான்கு பக்கமும் நீட்டியும் யார்மேலும் படவில்லை. மகிழ்ச்சியில் கொஞ்சம் உருண்டேன்கூட. ஆனால் கண்ணை மூடினால் இமைக்குள் சிவப்பாக எரிந்தது. மதிய வெயில் மொத்தமும் கண்ணாடி வழியாகக் கட்டில்மேல் வந்து விழுந்துகொண்டிருந்தது. கனமான திரை ஒன்று சுவரோரம் ஒதுங்கியிருந்தது. அதை இழுத்தால் எனக்கு இருட்டு, அத்தைக்கு மதில்.

நான் புரண்டு படுத்ததை அவர் கவனித்துவிட்டார். “வெயில் அடிக்குதா? மூடிடவா? நான் எவ்வளவோ பார்த்துட்டேன்,” என்றார், வந்து ஐந்து நிமிடம்கூட ஆகாமல். ஐயோ வேண்டாம் அத்தை, நீங்கள் பாருங்கள், எனக்கு வெளிச்சத்தில்தான் நன்றாகத் தூக்கம் வரும் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை. “மூடுங்க அத்தை. இருட்டா இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

ஒரு நொடி நின்றார். முகம் வாடும் என்று பார்த்தேன். வாடவில்லை. “அப்படிச் சொல்லு,” என்றார், ஏதோ நான் பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி. திரையைக் கோடி வரைக்கும் கரகரவென்று இழுத்து மூடினார். அறை இருண்டது. நல்ல, கெட்டியான, குளிர்ந்த இருட்டு. அத்தை எங்கே உட்காரப் போகிறார் என்று யோசிப்பதற்குள்ளேயே எனக்குக் கண் செருகிக்கொண்டு போனது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது, எங்கேயோ கைபேசி அடித்தது. என் உடம்பு தன்னால் எழுந்துகொள்ளப் பார்த்தது. அதற்குள் அத்தையின் அடங்கிய குரல் கேட்டது.

“அவ தூங்குறா. எழுப்ப மாட்டேன். அதெல்லாம் நீயே பார்த்துக்கோ.” என் கணவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். “நானா? நான் வேலையா இருக்கேன்டா, வை.”

குரல் வந்த பக்கம் அரைக்கண்ணால் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் வெயில் கோடாக விழுந்திருந்தது. அந்த வெயிலில் அத்தையின் இரண்டு வெறுங்கால்கள் நின்றன. திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில், யாருக்கும் தெரியாத அந்த ஒடுக்கத்துக்குள், அவரும் ஊரும் மட்டும். பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்சம் தூரம் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, கால்கள் மெல்லக் குதிகாலை உயர்த்தி, விரல் நுனியில் எழும்பின.