மச்சான் அடைத்த வெள்ளை

நகைக்கடை முதலாளிக்குப் புத்தகம் போடும் ஆசை வந்தது. கடை நகைகளை நீர்வண்ணத்தில் தீட்டி அச்சடிக்க வேண்டுமாம். பெண்கள் அன்றாடம் அணிவதையும் சேர்த்தால் மவுசு என்று அச்சகக்காரர் ஏற்றிவிட்டார். கேமரா செத்துப்போச்சா என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் இல்லை.

தீட்டியவள் பிஸ்கட் டப்பாவுக்குப் படம் போட்டே பாதி ஆயுளைக் கழித்தவள். டப்பா மேல் யார் பேரைப் போடுவார்கள்? இதில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவள் பெயர் வரும் என்று பேச்சு. அந்த ஒன்றுக்காகவே நான்கு மாதம் முதுகொடிய உட்கார்ந்து பன்னிரண்டு தாள் முடித்துக் கொடுத்தாள். அச்சுக்குப் போகும் அன்று வந்து பெயர் எழுதச் சொன்னார்கள்.

போனாள். முதலாளியின் மச்சான் எதிரே வந்தான். கடையில் தனக்கு என்ன வேலை என்று அவனுக்கே தெரியாது.

"வாங்கக்கா. நீங்க அரைகுறையா விட்டதெல்லாம் நானே முடிச்சுட்டேன்."

"என்னத்தப்பா முடிச்ச?"

"கல்லுக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா விட்டிருந்தீங்களே. பெயிண்டு தீந்துபோச்சா?"

நீர்வண்ணத்தில் மினுக்கத்தைத் தீட்ட முடியாது. தாளைத் தொடாமல் விட்டால்தான் கல் மின்னும். விட்ட புள்ளியையெல்லாம் தங்கப் பேனாவால் அடைத்துவைத்திருந்தான் மகராசன். வைரம், பீளை தள்ளிய கண். மூக்குத்தி, மூக்கில் வந்த கொப்புளம்.

"இப்பதாம்மா நகை மாதிரி இருக்கு," என்றார் முதலாளி, கல்லாவிலிருந்தே. ஆயுளெல்லாம் கல் விற்றவருக்கு அது எங்கே மின்னுகிறது என்று தெரியவில்லை.

பன்னிரண்டில் ஒன்பது தாள் நாசம். கடைசி மூன்றைப் புரட்டினாள். தேய்ந்த தோடு, கண்ணாடி வளையல், கொண்டை ஊசி. ஒரு பொட்டுத் தங்கம் படவில்லை.

"இதை ஏன் விட்டுட்ட?"

"ஐய, கொண்டை ஊசிக்குப் போய் யாராவது தங்க மையைக் கொட்டுவாங்களா?"

அந்த மூன்றிலும் பென்சிலால் தன் பெயரை எழுதினாள். "இது மட்டும் என்கிட்ட இருக்கட்டுங்க."

"எடுத்துக்கம்மா. கொண்டை ஊசிய வச்சு நான் என்ன பண்ண? ஆனா அந்த ஒம்பதுக்கும் பேரு?"

"முடிச்சவரே போடட்டும்."

நக்கல் புரியவும் கொஞ்சம் மூளை வேண்டும். மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்பதிலும் அதே தங்கப் பேனாவால் தன் பெயரை எழுதினான், முன்னெழுத்தோடு. அழியாமல் இருக்கட்டும் என்று முதலாளி பக்கத்தில் நின்று ஊதிக்கொடுத்தார்.