முதுகில்லாத சட்டை

சவப்பெட்டிக்குள் கையை விட்டு, தம்பி வெர்லினின் கோட்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள் ஆர்டிஸ். உள்ளே இருந்த நீலச் சட்டைக்கு முதுகு கிடையாது. முதன்முதலாகத் தனியே விமானம் ஓட்டி இறங்கியவனின் சட்டையைப் பின்பக்கம் வெட்டி எடுத்து, பெயரெழுதிச் சுவரில் மாட்டுவது பறக்கும் சங்கத்தின் வழக்கம். தபால்காரச் சீருடையோடு போய் அப்படிச் சட்டை வெட்டுப்பட்டு வந்த வெர்லின், மிச்சத்தைக் கடைசிவரை தூக்கிப் போடவில்லை.

"கிழிஞ்ச சட்டையோடயா நம்ம நைகார்டு குடும்பத்து ஆளை அனுப்புறது?" என்றாள் ஆர்டிஸ்.

"யாருக்கு அண்ணி முதுகு தெரியப் போவுது? அவருக்குப் பிடிச்ச சட்டை" என்றாள் வெர்லினின் மனைவி லவோன்.

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊர் முழுவதும் தேவாலயத்தில் கூடியிருந்தது. கீழ்த்தளத்திலிருந்து காபி வாசனை ஏறி வந்தது. வெர்லின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. சங்கத்திடம் வாடகைக்கு எடுத்த விமானத்தை, என்ஜின் நின்றுபோய்ச் சோளக்காட்டில் இறக்கியபோது, பட்ட அடி நெஞ்சோடு நின்றுவிட்டது.

சங்கத் தலைவன் டுவேன் வந்தான். பெட்டியைச் சுமக்கப்போகிற ஆறு பேரில் அவனும் ஒருவன். ஒரு காலத்தில் ஆர்டிஸின் மாணவன். கையில் கண்ணாடிச் சட்டம். அதற்குள் அந்த நீலத் துணி.

"சங்கத்துச் சுவர்ல இருந்தது. இது உங்க வீட்லதான் இருக்கணும்" என்று லவோனிடம் கொடுத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "திங்கக்கிழமை இன்சூரன்ஸ்காரர் பேசுவார். அன்னிக்கு வெர்லின் சரியாத் தூங்கலைன்னு மட்டும் சொல்லிடு."

"எதுக்கு அப்படிச் சொல்லணும்?" என்றாள் ஆர்டிஸ்.

"டீச்சர், வாடகைக்கு எடுத்து ஓட்டுறவங்க தனியா ஒரு பாலிசி எடுக்கணும். பாதிப் பேர் எடுக்க மாட்டாங்க. வெர்லின் தவறாம எடுத்தவர். ஆனா ஓட்டினவர் மேல தப்பு இருந்தாத்தான் அவங்க விமானத்துக்குப் பணம் கொடுப்பாங்க. எங்க பாலிசியில அந்தச் சேதத்துக்கு இடமில்ல. தப்பு அவருதுன்னு ஆனா சங்கம் பொழைக்கும். இல்லேன்னா இழுத்து மூட வேண்டியதுதான். அவருக்கு இனிமே என்ன வந்துடப் போவுது?"

ஆர்டிஸுக்குக் காது மடல்கள் எரிந்தன. இரவல் வாங்கிய ஏணியைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிற வீட்டில் பிறந்தவன் வெர்லின். அடுத்தவன் பொருளுக்குத் தன்னால் நஷ்டம் வரக் கூடாதென்றுதான் அந்தப் பாலிசியை எடுத்தான். அந்த யோக்கியத்தையே அவன் கழுத்தில் மாட்டிக் குற்றவாளியாக்கப் பார்க்கிறார்கள்.

"சங்கம்னா அவருக்கு உயிரு அண்ணி" என்றாள் லவோன் தயங்கி. "ஒரு வார்த்தைதானே?"

"ஒரு வார்த்தையா? தூக்கக் கலக்கத்துல விமானத்தைக் கொண்டு போய் மோதினான் நைகார்டுன்னு நாளைக்கு இந்த ஊர் பேசும். நான் உயிரோட இருக்கும்போதா? டுவேன், நிமிர்ந்து நில்லுடா."

அறுபதை நெருங்கிய டுவேன் நிமிர்ந்தான்.

"அவன் முகத்தைப் பார்த்துப் பேசு. சாகறதுக்கு முந்தின வாரம் என் சமையல்கட்டுல உக்காந்து சொன்னான், என்ஜின் இருமுதுன்னு. உன்கிட்டயும் சொன்னானாமே. நீ என்ன சொன்னே?"

டுவேன் கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

"'கிழவிக்குச் சளி பிடிச்சிருக்கு, நான் பார்த்து வைக்கிறேன்'னு சிரிச்சியாம். பார்த்தியா?"

"டீச்சர், மெதுவா… எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். கணக்குல தப்பு விட்டா அப்பவும் பக்கத்து பெஞ்சுப் பையனைத்தான் கை காட்டுவே. இப்பப் பேச முடியாதவனாப் பார்த்துக் காட்டுறியா?"

லவோன் டுவேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா, டுவேன்?"

அவன் தரையைப் பார்த்தான். கீழே யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"திங்கக்கிழமை நான் பேசிக்கறேன்" என்றாள் லவோன். "முந்தின ராத்திரி அவர் விட்ட குறட்டையில நான்தான் தலையணையைத் தூக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போனேன்."

மூடியைச் சாத்த ஆட்கள் வந்தார்கள். லவோன் கையிலிருந்த சட்டத்தை ஆர்டிஸ் வாங்கிப் பின்பக்க அட்டையைப் பிரித்தாள். துணியை உருவி எடுத்து, கோட்டுக்கடியில், முதுகுப் பக்கம் போகும்வரை மெல்லத் தள்ளினாள். கை வெளியே வரச் சற்று நேரமானது. வெறும் சட்டத்தை டுவேனிடம் நீட்டினாள். அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

"மூடுங்க."

சுமப்பவர்கள் இடம் பிடித்தார்கள். டுவேன் அந்தச் சட்டத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றான். பெட்டியின் கைப்பிடி ஒன்று காலியாக இருந்தது. ஆர்டிஸ் கைப்பையை லவோனிடம் கொடுத்துவிட்டு அதைப் பிடித்தாள்.